ஓரா லாசிட்டருக்காக ஜெபியுங்கள்

செப்டம்பர் 9, 2014. செவ்வாய்

பட்டர் பீன்ஸ் உரித்தே காலை போயிற்று. முடித்துவிட்டோம் என்று நிமிர்ந்தால், என் வீட்டுக்காரர் ராய்ஸ் இன்னொரு வாளியைக் கொண்டுவந்து வைத்து, "இதுவும் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நழுவிவிட்டார். நகமெல்லாம் பச்சை. அப்படியே சபை அலுவலகத்துக்குப் போனேன்.

பாஸ்டர் ஜோலின் டக்கெட் தன் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு கட்டு அட்டைப்பெட்டிகள், தட்டையாக மடித்துக் கயிறு போட்டு.

"வோண்டா குடுத்துட்டுப் போனாங்க. சாமான் கட்டறதுக்காம். நான் எங்க போறேன், நெல்டாம்மா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விஷயம் வந்தது. போன வாரம் பாஸ்டர் ஜெபச் சங்கிலியில் ஒரு விண்ணப்பம் வைத்திருந்தார். ராலே நகரத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஏதோ பரிசோதனை, அதற்காக அங்கே போய்வருகிறேன், ஜெபியுங்கள் என்று. சங்கிலியில் ஒன்பது வீடு. ஒருவர் அடுத்தவருக்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டும், கடைசி ஆள் ஆரம்பித்தவருக்கே திரும்பச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அது "பாஸ்டர் ராலேவுக்குப் போகிறார், புது இடம் நல்லபடி அமைய ஜெபியுங்கள்" என்று ஆகியிருக்கிறது. மளிகைக்கடையில் இரண்டு பேர் அவரைக் கட்டிப்பிடித்து விடை கொடுத்துவிட்டார்களாம். ஒருத்தி அழுதாளாம்.

"யாருமே கோவமா இல்ல. எல்லாரும் ரொம்ப அன்பாத்தான் இருக்காங்க. அதான் பயமா இருக்கு" என்றார்.

நவம்பர் 2-ஆம் தேதி ஓட்டு. நம் சபை சேர்ந்திருக்கும் பாப்டிஸ்ட் ஐக்கியத்தோடு இருப்பதா, விலகுவதா. விலகுவோம் என்கிறவர்கள் பெண் போதகரை ஏற்பதில்லை; விலகினால் இந்தப் பெண் இந்தப் பிரசங்க மேடையில் நிற்க முடியாது. சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்களின் தலைவர் கோய் டில்லரி அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

இருப்போம் என்கிறவர்களின் துண்டறிக்கையை மத்தியானம் நான்தான் தட்டச்சு செய்தேன். முதல் வரி என்னுடையது: "பெரிய பாப்டிஸ்ட் மாநாட்டமைப்பை விட்டு மிதவாத பாப்டிஸ்டுகளின் ஐக்கியத்தில் சேர்வதென்று 1992 மே 17 அன்று நம் ஹாரோ கிரீக் சபை ஒருமனதாகத் தீர்மானித்தது." கம்பீரமாக இருக்கிறது. அன்றைக்கும் கூட்டக் குறிப்பு எழுதியது சபை எழுத்தரான நான்தான்.

செப்டம்பர் 11. வியாழன்

சங்கிலியில் யார் திரிக்கிறார்கள்? வோண்டா கோயின் மனைவி, அவள்மேல் சந்தேகப்படுவது சுலபம். ஆனால் சுலபமானது சரியாக இருக்க வேண்டுமா?

செப்டம்பர் 12. வெள்ளி

இன்று ஒரு காரியம் செய்தேன். ராய்ஸிடம்கூடச் சொல்லவில்லை.

இல்லாத ஒரு ஆளுக்கு ஜெப விண்ணப்பம் வைத்தேன். சுற்றிவிட்டு என்னிடம் திரும்பும்போது எந்த வார்த்தை மாறியிருக்கிறது என்று பார்த்தால், ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் பின்னால் போகலாம், திரிக்கிறவர் அகப்படுவார். யாருக்கும் நஷ்டமில்லை.

காலை பத்து மணிக்கு முதல் வீடான இமோஜீன் அக்காவுக்கு போன் செய்தேன். பெயரைக்கூட முன்பே யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்தது. "ஓரா லாசிட்டர்னு ஒருத்தங்க. இடுப்புல ஆபரேஷன். தனியா இருக்காங்க. ஜெபிக்கணும்."

அக்கா பெயரை இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். எண்பத்தொரு வயது, காது மந்தம். பிறகு, "சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு வோண்டாவிடமிருந்து போன். சங்கிலியின் கடைசி.

"நெல்டாக்கா, ஓரா லாசிட்டருக்காக ஜெபிக்கணுமாம். கையாம். வலது கையைத் தூக்கவே முடியலையாம். பாவம்."

இடுப்பு கையாகிவிட்டது. இதைத்தானே எதிர்பார்த்தேன்? பிறகு ஏன் என் தோள்பட்டை சில்லென்று ஆயிற்று?

செப்டம்பர் 17. புதன்

புதன்கிழமைச் சாப்பாடு. ஐம்பது பேர் இருக்கும். நம் ஆட்கள் ஜன்னல் பக்க மேசைகளில், கோயின் ஆட்கள் சமையலறைப் பக்கம். ஒரு மாதமாக இப்படித்தான். உப்பைக் கடனாகக் கேட்டால்கூட "நன்றி, நன்றி" என்று இரண்டு தரம் சொல்லிக்கொள்கிறோம்.

சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்க கோய் எழுந்தான். மழைக்காக, பயிருக்காக, வெளிநாட்டிலிருக்கும் சிப்பாய்களுக்காக. அப்புறம், "எங்க சகோதரி ஓராவுக்காக" என்றான். குரல் உடைந்தது. கோய் டில்லரியின் குரல்! அவன் அப்பாவின் அடக்கத்தில்கூட அது உடைந்ததில்லை.

இரண்டு பக்கத்திலிருந்தும் "ஆமென்" வந்தது. ஒரே நேரத்தில். எத்தனை மாதமாயிற்று அப்படி ஒரு சத்தம் கேட்டு.

பிறகு ஒரு வாழ்த்து அட்டை மேசை மேசையாக வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடமும் வந்தது. போட்டேன். வேறு என்ன செய்வது? கோழியும் அதன் சாற்றில் வேகவைத்த மாவுத் துண்டுகளும் ஒரு அலுமினியத் தட்டில் தனியாக எடுத்து, மேலே தாள் மூடி, ஒட்டுநாடாவில் "ஓராவுக்கு" என்று எழுதி, வோண்டா ஃப்ரீசரில் வைத்தாள். அட்டையையும் அதன் மேலேயே வைத்தாள். "போறவங்க யாராவது கொண்டுபோய்க் குடுப்பாங்க" என்றாள்.

எங்கே போகிறவர்கள்? யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 19. வெள்ளி

தட்டு ஃப்ரீசரில் இல்லை. அட்டையும் இல்லை.

செப்டம்பர் 21. ஞாயிறு

ஆராதனை முடிந்து கோய் என்னிடம் வந்தான். பேச வந்தவன் பேசாமல் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "கடைசிக்கு மூணாவது பெஞ்சு. ஜன்னலோரம். நீலக் கவுனு போட்டு வருவாங்க, இல்ல?"

"யாரு?"

"ஓரா."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். கிண்டல் செய்கிறானா? கண்டுபிடித்துவிட்டானா? இல்லை. அவன் நிஜமாகவே ஒரு ஆளை நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஞாபகமில்ல கோய்" என்றேன். நான் உண்டாக்கின ஆளை இவன் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

இன்னொன்று. வருகை எண்ணிக்கை வாசல் ஆளின் சீட்டில் 118. நான் வழக்கம்போல முன்னாலிருந்து எண்ணினேன்: 119. மறுபடி எண்ணினேன். 119. சீட்டில் இருந்ததையே புத்தகத்தில் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 24. புதன்

தட்டு திரும்பி வந்துவிட்டது.

சமையலறை மேடையில், கழுவித் துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தது. அந்த ஒட்டுநாடாவில் "ஓராவுக்கு" என்று வோண்டா எழுதியதற்குக் கீழே வேறு ஒரு எழுத்து. கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்து கிடந்தது. பழக்கமில்லாத கையால் எழுதினது மாதிரி.

"நல்லா இருந்தது."

அவ்வளவுதான்.

வோண்டா பார்த்துவிட்டு, "பாத்தியாக்கா, எவ்வளவு மரியாதை தெரிஞ்சவங்க" என்றாள். சந்தோஷமாகத் தட்டை அலமாரியில் வைத்தாள். நான் உட்கார நாற்காலியைத் தேடினேன்.

செப்டம்பர் 25. வியாழன்

சபைக்குப் போய் அந்த ஒட்டுநாடாவை மறுபடி ஒரு தரம் படித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 28. ஞாயிறு

ராய்ஸிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகும்போது.

முதலில் அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. "இத்தனை வருஷம் சபையில உக்காந்திருக்கேன், நீ பண்ணின இதுதான்டி உருப்படியான வேலை. இல்லாத ஆளுக்கு ரெண்டு கட்சியும் சேந்து சோறு போடுது!"

"அந்தத் தட்டு, ராய்ஸ். யார் சாப்பிட்டது? யார் எழுதினது?"

"எவனோ பசிச்சவன் எடுத்துட்டுப் போயிருப்பான்."

"திருப்பிக் கொண்டுவந்து வைப்பானா? கழுவி?"

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"லாசிட்டர்னா சொன்னே?"

"ஆமா."

"அந்தப் பேரு எங்கயோ கேட்ட பேரா இருக்கே."

"சும்மா இருங்க. இந்த வட்டாரத்துல எந்தப் பேருதான் கேக்காத பேரு?"

ஆனால் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

அக்டோபர் 1. புதன்

நாளைக்கு வீடு வீடாகப் போகப்போகிறேன். கடைசி வீட்டிலிருந்து முதல் வீடு வரை.

அக்டோபர் 2. வியாழன்

காலை ஒன்பதுக்குக் கிளம்பினேன். வோண்டாவிடம் தொடங்கினேன். "எனக்குக் கைன்னுதான் சொன்னாங்க" என்றாள். அதற்கு முந்திய வீட்டில் கை. அதற்கு முந்திய வீட்டில் கை. பாதி வழியில், சபையில் பியானோ வாசிக்கும் லோயிஸ் தன் வீட்டில் காபி குடிக்க வைத்தாள். "நம்ம சபையில இப்பத்தான்க்கா ஏதோ ஒண்ணு நல்லா நடக்குது, அதைப் போயி விசாரிக்கணுமா?" என்றாள். எட்டு வீட்டிலும் கை. யாரும் திரிக்கவில்லை. அப்படியே வாங்கி அப்படியே கொடுத்திருக்கிறார்கள்.

மிச்சம் இமோஜீன் அக்கா. சமையலறையில் பேரிக்காய் தோல் சீவிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்ததுமே கத்தியைக் கீழே வைத்தார். வருவேன் என்று தெரிந்த மாதிரி.

"அக்கா, நான் இடுப்புன்னு சொன்னேன். நீங்க ஏன் கைன்னு சொன்னீங்க?"

"கைதானே கண்ணு. மூணு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்ததுல போன கை. உனக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்கன்னு நெனச்சு நான் திருத்திட்டேன்."

"யாருக்கு?"

"ஓராவுக்கு."

நான் அந்தச் சீவல்களுக்கு நடுவே கையை ஊன்றிக்கொண்டேன்.

அக்காவும் ஓராவும் இருபது வருஷம் தையல் ஆலையில் பக்கத்துப் பக்கத்து மெஷின். இப்போது ஓரா நெடுஞ்சாலை ஓரத்து முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். அக்கா செவ்வாயும் வெள்ளியும் போய்ப் பார்க்கிறார். தட்டையும் அட்டையும் எடுத்துப் போனது அவர்தான். திருப்பிக் கொண்டுவந்து வைத்ததும் அவர்தான்.

"நீ போன்ல அந்தப் பேரைச் சொன்னதும் கடைசியா நெல்டாவுக்கு ஞாபகம் வந்துடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

"இத்தனை நாள் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க? ஜெபம் பண்ணினாங்க, கார்டுல கையெழுத்துப் போட்டாங்க, சோறு எடுத்து வெச்சாங்க. அவ எங்க இருக்கான்னு ஒருத்தர் வாயில வரல."

பாஸ்டர் விஷயம் எங்கே திரிந்தது என்று கேட்கவே மறந்துபோனேன். அக்காவிடம் விடைபெற்றேனா என்றுகூட நினைவில்லை. நேரே சபைக்கு வந்து அலமாரியைத் திறந்து 1992 புத்தகத்தை எடுத்தேன்.

என் கையெழுத்து. அப்போது எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன். "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது." அதைப் படித்ததும் வந்துவிட்டது. எல்லாமே. ஒரு நொடியில்.

அன்றைக்கு வெயில். பழைய போதகர், இப்போது இல்லை, மேடையிலிருந்து "எதிர்ப்பவர்கள்?" என்று கேட்டார். கடைசிக்கு மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம், ஒரு கை மேலே போயிற்று. நீலக் கவுன் போட்ட கை. போதகர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "யாருமில்லை" என்றார். நான் முன்மேசையில் இருந்தேன், எனக்கு நேரே தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன். அந்தக் கை ரொம்ப நேரம் கீழே இறங்கவில்லை. எல்லாரும் பாட எழுந்தபோதும் அது மேலேயே இருந்தது.

அப்புறம் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு வருஷம் கழித்து, "வராதோர்" என்று கோடு போட்டுப் பெயரை அடித்ததும் நான்தான். அந்தக் கோடும் இருக்கிறது. அளவுகோல் வைத்துப் போட்டிருக்கிறேன்.

நான் எதையும் உண்டாக்கல. எனக்குத் தெரியும். எனக்குள்ள எங்கயோ தெரிஞ்சிருக்கு. அடப்பாவி.

அக்டோபர் 4. சனி

போனேன். பன்னிரண்டு மைல்தான். வழியெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்தது. ராய்ஸ் வண்டியிலேயே இருந்துகொண்டார்.

ஜன்னலோரக் கட்டில். சிறிய உருவம். வலது கை மடியில் ஒரு பொருள் மாதிரி கிடந்தது. தலைக்குமேல் சுவரில் நம் அட்டை, ஐம்பது கையெழுத்தோடு. என்னுடையதும் அதில்.

என்னைப் பார்த்ததும் வாயின் பாதி மட்டும் அசைந்தது. "எழுதற பொண்ணு" என்றாள்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. பொண்ணு என்றாள்.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "அன்னிக்கு நீங்க கை தூக்கினீங்க. நான் பாத்தேன்" என்றேன்.

"தெரியும். பாத்தே. அப்புறம் குனிஞ்சு எழுதினே."

"நான் எழுதினது தப்பு."

அவளுக்கு வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. "அடுத்த கூட்டத்துக்கும் வந்தேன். நீ குறிப்பு படிச்சே. ஒருமனதா-ன்னு படிச்சே. அப்ப நான் அங்க இல்லன்னு ஆகிடுச்சு. என்னைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். இல்லாதவ எதுக்கு வரணும்?"

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஐக்கியம் வேண்டாம்னு சொல்லத்தானே கை தூக்கினீங்க?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதி வாய்ச் சிரிப்பு. "வேண்டாம்னு யாரு சொன்னா? அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்கலாமான்னு கேக்கத்தான். நான் இன்னும் ஜெபம் பண்ணி முடிக்கல."

திரும்பும்போது ராய்ஸ் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

அக்டோபர் 7. செவ்வாய்

துண்டறிக்கை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. கோயின் ஆட்களே தயங்குகிறார்களாம். "ஒருத்தர் எதிர்க்காமச் சேந்த இடத்தை விட்டு எப்படிப் போறது?" என்று கேட்கிறார்களாம். என் முதல் வரி வேலை செய்கிறது.

அக்டோபர் 11. சனி

பாஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். பொய் விண்ணப்பம், ஓரா, அந்தக் கை. கூட்டத்தில் எழுந்து சொல்லப்போகிறேன் என்றேன்.

அவர் ரொம்ப நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமான மேசைதான்.

"ஓட்டு முடிஞ்சப்புறம் சொன்னா ஆகாதா, நெல்டாம்மா? பத்து ஓட்டு இப்படி அப்படிப் போனா நான் வீட்டைக் காலி பண்ணணும். என் பொண்ணு இப்பத்தான் பள்ளிக்கூடத்துல ரெண்டு சிநேகிதி பிடிச்சிருக்கா."

தப்பான மனுஷி இல்லை. நல்ல மனுஷி. அந்தப் பழைய போதகரும் நல்ல மனுஷர்தான். அன்றைக்கு வாசலில் என் தோளைத் தட்டி, "ஒரே மனசாப் போனோம்னு இருக்கட்டும் நெல்டா" என்றார். இவரும் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 13. திங்கள்

காலையில் பாஸ்டர் போன் செய்தார். "சனிக்கிழமை நான் கேட்டதை மறந்துடுங்க. எழுந்து சொல்லுங்க."

மறப்பதில் நான் கெட்டிக்காரி என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நல்லாவே இல்லை.

அக்டோபர் 26. ஞாயிறு

இன்றும் ஒன்று கூடுதலாக எண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

நவம்பர் 2. ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுத வேண்டும். இந்தப் புத்தகத்திலாவது.

ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். ஒரு பெஞ்சுகூடக் காலியில்லை. வாசலைச் சாத்தினார்கள். கோய் தலைமை. பிரேரணையைப் படிக்க ஆரம்பித்தபோது நான் எழுந்தேன்.

"1992 குறிப்பைத் திருத்தணும்" என்றேன். "அது ஒருமனதா நடக்கல. ஒரு கை மேல இருந்துச்சு. ஓரா லாசிட்டரோட கை. நான் பாத்துட்டு எழுதாம விட்டேன். நீங்க ரெண்டு மாசமா யாருக்காக ஜெபம் பண்றீங்களோ அந்த ஓராதான். விண்ணப்பத்தை ஆரம்பிச்சதும் நான்தான், பொய்னு நெனச்சுக்கிட்டு."

யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. தலைகள் திரும்பியிருந்தன. கடைசிக்கு மூன்றாவது பெஞ்சு. நிரம்பி வழிந்த சபையில் அந்த ஜன்னலோரம் மட்டும் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். யாரும் விடச் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்ட மாதிரியும் இல்லை.

வோண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப நான் தட்டுல எழுதி வெச்ச பேரு..." என்றாள், யாரிடமோ.

"உக்காருங்க நெல்டாக்கா" என்றான் கோய். "உக்காருங்க. அன்னிக்கு வலது பக்கத்துக் கைகளை எண்ணினது நான். எனக்கு முப்பத்தோரு வயசு. அப்ப ஐக்கியத்துக்காக என்னைவிடத் துடிச்சவன் யாருமில்ல. நானும் அந்தக் கையைப் பாத்தேன். ஒரு கை எதிரா இருந்தா அழகா இருக்காதேன்னு விட்டுட்டேன்."

அவன் தாளை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"அவங்க எதிர்க்கவே இல்ல, கோய்" என்றேன். "ஒரு வாரம் பொறுக்கலாமான்னு கேக்கத்தான் தூக்கினாங்க."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். நாற்பது வருஷத்தில் இந்தக் கட்டடத்துக்குள் பாட்டுக்குத் தவிர வாய் திறக்காத மனுஷன். என் புருஷன்.

"அப்ப ஒரு வாரம் பொறுத்துத்தான் பாப்பமே" என்றார் ராய்ஸ்.

ஒத்திவைக்க ஓட்டெடுத்தோம். எதிர்ப்பு நான்கு. நான் மேசையிலிருந்து எழுந்து அவர்களிடம் போனேன். ஒவ்வொருவரிடமும் ஏன் என்று கேட்டு, பெயரையும் காரணத்தையும் எழுதிக்கொண்டேன். ஒருவன் காரணம்: "வீட்டுல மாடு கன்னு போடற நிலைமை, அடுத்த வாரம் வர முடியாது." அதையும் எழுதினேன்.

நவம்பர் 5. புதன்

மேசைகள் கலந்திருந்தன. யாரும் திட்டமிட்டதில்லை. ஆனால் ரொம்ப அமைதியாகச் சாப்பிட்டோம், யாரோ பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரி.

நவம்பர் 9. ஞாயிறு

இருப்போம்: 63. விலகுவோம்: 58. கை தூக்காதவர்கள்: 5.

யாரும் கை தட்டவில்லை. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஏன் எனக்குச் சந்தோஷமாக இல்லை?

கோய் சபையின் சாவிக்கொத்தை பாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தான். "என் மனசு இதுக்கு ஒத்துக்கல பாஸ்டரம்மா. பொய்யா இருந்துட்டு இங்க உக்காந்திருக்க முடியாது" என்றான். முன்பெல்லாம் அந்த "பாஸ்டரம்மா" குத்தலாக வரும். இன்றைக்கு அப்படி இல்லை. பாஸ்டர் அவன் கையை விடவே இல்லை. அவன்தான் மெதுவாக உருவிக்கொண்டான்.

நவம்பர் 16. ஞாயிறு

வாசல் ஆளின் சீட்டு: 61. என் எண்ணிக்கையும் 61.

டிசம்பர் 14. ஞாயிறு

எழுத்தர் வேலையை விட்டுவிட்டேன். கடைசியாக எழுதியது: ஓரா லாசிட்டரின் பெயர் சபைப் பட்டியலில் மறுபடி சேர்க்கப்பட்டது. ஆதரவு ஐம்பத்தெட்டு. எதிர்ப்பு இல்லை. நிஜமாகவே இல்லை, இரண்டு தரம் நின்று பார்த்தேன்.

ஜனவரி 20, 2015. செவ்வாய்

சபைக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம் இருந்த பழைய விதைக் கிடங்கைக் கோயின் ஆட்கள் தனி ஆராதனைக்காக வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். நேற்றுப் பெயின்ட் அடித்தார்கள். நான் சபைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வோண்டா ஏணியில் நின்றிருந்தாள். கையசைக்கலாமா என்று யோசிப்பதற்குள் இறங்கிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 26, 2015. ஞாயிறு

இல்லத்து வண்டியில் ஓராவைக் கூட்டிவந்தோம். சக்கர நாற்காலியை நடுவழியில், என் பெஞ்சின் ஓரமாக நிறுத்தினோம். நீலக் கவுன் இல்லை. மஞ்சள். இமோஜீன் அக்கா புதிதாகத் தைத்துக் கொடுத்தது.

அவள் இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். கிட்டத்தட்டப் பாதி பெஞ்சு காலி.

"எல்லாரும் எங்க?" என்றாள்.

ராய்ஸ் தாடையால் சாலைப் பக்கம் காட்டினார்.

ஏசி பழுது. ஜன்னல்களின் கீழ்க்கண்ணாடிகளைத் தள்ளித் திறந்துவைத்திருந்தார்கள். எதிர்ப்புறமும் கதவு திறந்திருந்திருக்க வேண்டும். லோயிஸ் பியானோவில் உட்கார்ந்தாள், நாங்கள் எழுந்து பாடத் தொடங்கினோம். முதல் சரணம் முடியும்போது கேட்டது. அதே பாட்டு. அதே ராகம். எங்களுக்கு அரை வரி பின்னால்.

யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. அங்கே என்ன பாட்டு என்று இங்கே யாருக்கும் தெரியாது. நாங்கள் பாடி விட்ட ஒவ்வொரு வார்த்தையையும் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ எடுத்துப் பாடினார்கள். மேடையில் பாஸ்டர் வாயை மூடிவிட்டார். எங்களில் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்திக் காதைக் கொடுத்தோம். ஒரு அடியை யாருமே பாடவில்லை. அந்த வெறுமையில் அவர்கள் குரல் மட்டும் உள்ளே வந்தது. வோண்டாவின் கிறீச்சுக் குரல் தனியாகத் தெரிந்தது.

ஓராவின் இடது கை என் முழங்கையைப் பிடித்தது. நல்ல பிடி.

"மெதுவாப் பாடச் சொல்லு" என்றாள். "அவங்களும் வந்து சேந்துக்கட்டும்."

நான் பெஞ்சை விட்டு வெளியே வந்து, நடுவழியில் எல்லாரும் பார்க்க நடந்து போய், லோயிஸின் காதில் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு விரல்களைத் தளர்த்தினாள்.

மூன்றாம் சரணம் இழுத்து இழுத்துப் போயிற்று. கடைசி அடியில் எந்தக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.